பர்மா கடை ருசியில் வாழைத்தண்டு சூப்பும் முட்டைக்கோஸ் சாலட்டும்: வீட்டிலேயே ஒரு வீகன் இரவுச் சாப்பாடு

[காட்சி: சாயந்திரம். பீச் ஸ்டேஷன் எதிரே உள்ள தெரு. தள்ளுவண்டியில் பெரிய அண்டா, பக்கத்தில் வறுத்த வெங்காயம், துருவிய முட்டைக்கோஸ்.]

வணக்கம். சென்னை பீச் ஸ்டேஷன் எதிர்ப்பக்கம் சாயந்திரம் நடந்திருந்தால் இந்த வாசனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பூண்டு எண்ணெயில் பொரியும் வாசனை. அத்தோ கடை. தட்டில் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ், பக்கத்தில் ஒரு கிண்ணம் சூடான வாழைத்தண்டு சூப். வடசென்னையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இன்றைக்கு அந்தக் கடையின் கைப்பக்குவத்தை வைத்து, பால், தயிர், நெய், முட்டை, தேன் எதுவும் சேராத ஒரு இரவுச் சாப்பாடு செய்யப்போகிறோம். ஒரு சூப், ஒரு சாலட். நாலு பேருக்கு. வீகன் என்றதும் பாதாம் பால், டோஃபு, ஆலிவ் எண்ணெய் என்று செலவுக் கணக்கு போட வேண்டாம். தெருமுனை மளிகைக் கடையிலும் காய்கறி வண்டியிலும் கிடைப்பதே போதும்.

[காட்சி: பர்மா பஜார் கடை வரிசை.]

இந்தச் சாப்பாடு எப்படி இங்கே வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1962ல் பர்மாவில், அதாவது இன்றைய மியான்மரில், ராணுவ ஆட்சி வந்தது. அதன் பிறகு கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆயின. தலைமுறைகளாக அங்கே இருந்த தமிழர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறிச் சென்னைக்கு வந்தார்கள். நிறையப் பேர் வியாசர்பாடியில் குடியேறினார்கள். அவர்கள் பிழைப்புக்கென்று 1969ல் உருவானதுதான் பர்மா பஜார். கையில் காசு இல்லாமல் வந்தவர்கள் அந்தச் சமையலை மட்டும் விடவில்லை. அதற்காகவே இந்தச் சாப்பாட்டின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

பர்மாவில் மொய்ங்கா என்று ஒரு சூப் உண்டு. அது மீன் போட்டது. ஆனால் அதற்குக் கெட்டித்தன்மையும் மணமும் கொடுப்பவை வறுத்த மாவும் பூண்டும் வெங்காயமும்தான். வாழைத்தண்டும் அதில் உண்டு. மீனை எடுத்துவிட்டாலும் மிச்சமிருப்பவை ஒரு சூப்பைத் தாங்கும். வெண்ணெய், கிரீம், கறிச்சாறு இல்லாமல் சூப் சப்பென்று இருக்குமே என்பவர்களுக்குப் பதில் அந்த அண்டாவில்தான் இருக்கிறது.

ஒன்று கவனியுங்கள். கடையில் வாங்கும் சூப் எல்லாமே வீகன் இல்லை. சில இடங்களில் கோழிச்சாறு சேர்ப்பார்கள், சில இடங்களில் இறால் பொடி. அத்தோவில் முட்டையும் உண்டு. "அண்ணா, சூப்புல கறி, மீன் ஏதாவது சேர்த்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கேட்டால் சொல்வார்கள்.

[காட்சி: அடுப்படி. மேடையில் பூண்டு, வெங்காயம், கடலை மாவு, புளி.]

சரி, சமைக்கலாம். முதலில் நாலு விஷயங்களைத் தயார் செய்துகொள்வோம். பூண்டு எண்ணெய், வறுத்த வெங்காயம், வறுத்த கடலை மாவு, புளிக்கரைசல். சாலட்டுக்கு நாலுமே வேண்டும். சூப்புக்குப் புளி மட்டும் வேண்டாம்.

பூண்டு எண்ணெயில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். 20 பல் பூண்டு. இடிக்காதீர்கள், மெல்லிய வில்லைகளாக நறுக்குங்கள். எல்லாம் ஒரே தடிமனில் இருக்கட்டும், இல்லாவிட்டால் மெல்லியது கருகும்போது தடித்தது வெந்திருக்காது. வாணலியில் அரை டம்ளர் கடலெண்ணெய் ஊற்றி, அது காய்வதற்கு முன்பே பூண்டைப் போட்டுவிடுங்கள். அடுப்பு சிறு தீயில். எண்ணெயும் பூண்டும் சேர்ந்தே சூடேறும்போது பூண்டில் உள்ள ஈரம் மெதுவாக வெளியேறும், மணம் எண்ணெயில் இறங்கும்.

[காட்சி: பூண்டு வில்லைகள், மிக அருகில். சுற்றிச் சின்னக் குமிழிகள்.]

இந்தக் குமிழிகளைப் பாருங்கள். முதலில் சடசடவென்று நிறைய வரும். ஈரம் வற்ற வற்ற அடங்கும். ஓரம் இளமஞ்சளாக மாறியதுமே அரிகரண்டியால் எடுத்துவிடுங்கள். பொன்னிறம் வரட்டும் என்று காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும். வெளியே எடுத்த பிறகும் உள்ளே இருக்கும் சூட்டில் அது சிவந்துகொண்டே இருக்கும். வாணலியிலேயே சிவந்தால் தட்டுக்கு வரும்போது கசக்கும், எண்ணெயும் கசக்கும். கசந்த எண்ணெயை எதைப் போட்டும் சரிசெய்ய முடியாது, கொட்டிவிட்டு மறுபடி செய்யத்தான் வேண்டும்.

அதே எண்ணெயில் 2 பெரிய வெங்காயத்தை நீளவாக்கில் நறுக்கிப் போட்டு, சிவக்க வறுத்துத் தனியே எடுத்து வையுங்கள். எண்ணெயை ஒரு கிண்ணத்தில் ஊற்றி வையுங்கள்.

அப்புறம் கடலை மாவு. 6 மேசைக்கரண்டி. வெறும் வாணலியில் சிறு தீயில் கைவிடாமல் கிளறுங்கள். பச்சை வாசனை போய், வறுத்த கடலை வாசனை வரும்போது நிறமும் ஒரு படி இறங்கும். அதுதான் பதம். சாலட்டில் இந்த மாவை அப்படியே தூவப் போகிறோம், அதனால் பச்சையாக இருக்கவே கூடாது. வறுக்கப் பொறுமை இல்லையென்றால் சாலட்டுக்குப் பொட்டுக்கடலையைப் பொடித்துக்கொள்ளலாம். அது ஏற்கெனவே வறுத்ததுதான்.

ஒரு சின்ன நெல்லிக்காய் அளவு புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

[காட்சி: வாழைத்தண்டு, கத்தி, தண்ணீர்ப் பாத்திரம்.]

இனி வாழைத்தண்டு. பெரம்பூரோ தண்டையார்பேட்டையோ, எந்த மார்க்கெட்டிலும் கிடைக்கும். வாங்கும்போது குறுக்குவெட்டைப் பாருங்கள். வெள்ளையாக, ஈரமாக, ஒல்லியாக இருந்தால் இளசு. சூப்புக்கு ஒரு அடி நீளத் துண்டு போதும்.

மேலே இருக்கும் மட்டைகளை உரியுங்கள். உரிக்க முடியாத இடம் வந்தால் அதுதான் தண்டு. வட்டமாக, கத்தி போகும் அளவுக்கு மெல்லியதாக வெட்டுங்கள். ஒவ்வொரு வில்லையை வெட்டி இழுக்கும்போதும் சிலந்தி வலைபோல நார் கூடவே வரும். அதை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே போங்கள். பத்துப் பதினைந்து வில்லை ஆனதும் விரலில் ஒரு நார் மோதிரம் சேர்ந்திருக்கும், அதைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்கலாம். வீட்டில் ஆயா இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இந்த வேலையில் அவர்கள் கை வேகம் நமக்கு வராது.

வெட்டிய தண்டை அப்படியே வைத்தால் காற்றுப் பட்டுக் கறுக்கும். அதற்காகத்தான் நம் வீடுகளில் மோர்த் தண்ணீரில் போடுவார்கள். மோரில் உள்ள புளிப்புதான் அந்தக் கறுப்பைத் தடுக்கிறது. ஆகவே மோர் இல்லாமலும் அந்த வேலை நடக்கும். ஒரு பாத்திரம் தண்ணீரில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, வெட்ட வெட்ட அதில் போடுங்கள்.

[காட்சி: அடி கனமான பாத்திரம் அடுப்பில்.]

சூப்புக்கு எடுத்து வைத்த பூண்டு எண்ணெயில் 2 மேசைக்கரண்டி ஊற்றுங்கள். ஒரு வெங்காயம், ஒரு துண்டு இஞ்சி, ஒரு தக்காளி, கால் தேக்கரண்டி மஞ்சள்தூள். தக்காளி குழைந்ததும் வடித்த வாழைத்தண்டைச் சேர்த்து ஒரு பிரட்டு பிரட்டி, ஒன்றேகால் லிட்டர் தண்ணீரும் உப்பும் சேருங்கள். மூடி வைத்து, தண்டு மெத்தென்று ஆகும்வரை வேகட்டும். இளந்தண்டு 15 நிமிடத்தில் வெந்துவிடும்.

இப்போது வறுத்த கடலை மாவில் 4 மேசைக்கரண்டி. அதைக் கொதிக்கும் சூப்பில் நேரே கொட்டினால் கட்டி தட்டும். வெளியே உள்ள மாவு சட்டென்று வெந்து, உள்ளே இருப்பதைப் பூட்டிவிடும். அதனால் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு கையால் ஊற்றி மறு கையால் கிளறுங்கள். இன்னும் பத்து நிமிடம் சிறு தீயில் கொதிக்கட்டும், நடுநடுவே அடிவரை கிளறிவிடுங்கள். கெட்டிக் குழம்பாக வேண்டாம். கரண்டியில் எடுத்தால் ரசத்தைவிடக் கொஞ்சம் கனமாக விழ வேண்டும்.

அடுப்பை அணைத்த பிறகு மிளகுத்தூள், கொத்தமல்லி. சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றியதும் அவரவர் எலுமிச்சை பிழிந்துகொள்ளட்டும். மேலே வறுத்த வெங்காயமும் பூண்டும் தூவிச் சாப்பிடுங்கள்.

[காட்சி: பெரிய தட்டில் முட்டைக்கோஸ், கேரட், வெள்ளரிக்காய்.]

சாலட்டுக்குக் கால் கிலோ முட்டைக்கோஸ், ஒரு கேரட், ஒரு வெள்ளரிக்காய், பெரிய வெங்காயத்தில் ஒரு சிறு துண்டு. முட்டைக்கோஸை நூல்போல் நறுக்குங்கள். தடியாக இருந்தால் புளியும் எண்ணெயும் அதில் ஒட்டாது. பச்சையாகச் சாப்பிடப் போவதால் மேல் இலை இரண்டை எடுத்துப் போட்டுவிட்டு, குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவி, கடைசி அலசலை மட்டும் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரிலோ கேன் தண்ணீரிலோ செய்யுங்கள். கழுவியதும் ஈரம் போக வடித்து, துணியில் ஒற்றி எடுங்கள். தண்ணீர் நின்றால் மாவு சேறாகிவிடும்.

100 கிராம் வறுத்த வேர்க்கடலையை ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளுங்கள். காய்களின் மேல் 2 மேசைக்கரண்டி பூண்டு எண்ணெய், 3 மேசைக்கரண்டி புளிக்கரைசல், மீதமுள்ள கடலை மாவு, ஒரு தேக்கரண்டி இடித்த காய்ந்த மிளகாய், உப்பு. அப்புறம் கையால் பிசையுங்கள். கரண்டி வேண்டாம். அத்தோ கடைக்காரர் கையால் பிசைவதற்குக் காரணம் இருக்கிறது. விரல் அழுத்தும்போது முட்டைக்கோஸ் கொஞ்சம் தளர்ந்து புளியை உறிஞ்சும், மாவு எண்ணெயோடு சேர்ந்து ஒவ்வொரு இழையிலும் பூசிக்கொள்ளும். வேர்க்கடலையும் வறுத்த வெங்காயமும் பூண்டும் கடைசியில், சாப்பிட உட்காரும்போது மட்டும்.

கடையில் இதன் மேல் மொறுமொறுவென்று பேஜோ என்ற பொரித்த தின்பண்டத்தை நொறுக்கிப் போடுவார்கள். தட்டையை நொறுக்கிப் போட்டாலும் நன்றாகவே இருக்கும். ஆனால் தட்டை பிசையும்போது வெண்ணெய் சேர்ப்பவர்கள் அதிகம், கேட்டு வாங்குங்கள். பசி அதிகமுள்ள பிள்ளைகளுக்கு அவித்த நூடுல்ஸைச் சாலட்டோடு பிசைந்து கொடுக்கலாம். பாக்கெட்டின் பின்னால் முட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: தட்டும் கிண்ணமும் பக்கம் பக்கமாக.]

சூப்பும் சாலட்டும் சாப்பிட்டால் ராத்திரி பசிக்காதா என்று கேட்பார்கள். வெறும் காய் என்றால் பசிக்கும்தான். இதில் கடலை மாவும் வேர்க்கடலையும் இருப்பது ருசிக்காக மட்டும் இல்லை. 100 கிராம் வேர்க்கடலையில் சுமார் 25 கிராம் புரதம் உண்டு, அதே அளவு கடலை மாவில் 20 கிராமுக்கு மேல். அதுவும் போதாது என்று தோன்றினால் ஒரு கிண்ணம் வேகவைத்த கொண்டைக்கடலையைச் சாலட்டில் சேருங்கள். வேர்க்கடலை ஒவ்வாதவர்களுக்கும் அதையே போடலாம். பயறு வகைகளில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சை உதவும், டீ தடுக்கும். அதனால் சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம்.

வாழைத்தண்டு சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். நான் இதை மருந்தாகச் சொல்லவில்லை. நார்ச்சத்துள்ள நல்ல காய், அவ்வளவே. கல் இருப்பவர்கள் மருத்துவரைப் பாருங்கள். அதேபோல வாரத்தில் ஓரிரு நாள் என்றில்லாமல் முழுக்கவே வீகனாக மாறியவர்கள் பி12 பற்றி மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். தாவர உணவில் அது நம்பும்படி கிடைப்பதில்லை. மாத்திரையாகவோ பி12 சேர்த்த உணவாகவோ எடுத்துத்தான் ஆக வேண்டும்.

மிஞ்சினால்? சூப் மறுநாள் கெட்டியாகிவிடும், அரை டம்ளர் வெந்நீர் விட்டுக் கொதிக்கவைத்தால் சரியாகும். பிசைந்த சாலட் தண்ணீர் விட்டுவிடும், அதனால் தேவையான அளவு மட்டும் பிசைந்துவிட்டு மீதிக் காயை எடுத்து வையுங்கள். பூண்டு எண்ணெயை அடுப்படி மேடையில் நாள்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். எண்ணெய்க்குள் கிடக்கும் பூண்டில் கண்ணுக்குத் தெரியாமல் விஷக்கிருமி வளரக்கூடும். வடிகட்டி, மூடி, ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். வெறும் சோற்றில் ஒரு கரண்டி விட்டு உப்பு போட்டுப் பிசைந்தாலே அது தீர்ந்துபோகும்.