ஜூசெப்பே மோட்டா ஐந்து முறை ஜனாதிபதி ஆனது எப்படி?

சரி, அடுத்த கேள்வி. "சுவிட்சர்லாந்தில் ஜனாதிபதி பதவி ஒரு வருடம்தான் என்றீர்கள், அப்புறம் மோட்டா எப்படி ஐந்து முறை ஜனாதிபதி ஆனார், அவ்வளவு செல்வாக்கா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

செல்வாக்கு இருந்தது, ஆனால் அது ஜனாதிபதி நாற்காலியால் வந்ததில்லை. அங்கே ஏழு பேர் கொண்ட கூட்டாட்சி மன்றம்தான் அரசாங்கமே. ஜனாதிபதி பதவி அந்த ஏழு பேருக்குள் வருடா வருடம் கை மாறும், யார் நீண்ட காலம் உள்ளே இருக்கிறாரோ அவருக்குத் திரும்பத் திரும்ப முறை வரும். மோட்டா 1912-இல் உள்ளே போனவர், 1940 ஜனவரியில் இறக்கும்வரை வெளியே வரவே இல்லை. அதனால் 1915, 1920, 1927, 1932, 1937 என்று ஐந்து முறை.

ஆள் யார் என்றால், கோட்ஹார்ட் மலையடிவாரத்தில் ஐரோலோ என்ற ஊர்க்காரர், இத்தாலிய மொழி பேசும் டிச்சினோ மாநிலம். ஹைடல்பெர்க்கில் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கி ஊரில் வக்கீல் தொழில் பார்த்தார், 1899-இல் கத்தோலிக்க பழமைவாதிகள் சார்பில் நாடாளுமன்றத்துக்குப் போனார். 1864-க்குப் பிறகு இத்தாலிய மொழிக்காரர் யாருமே அந்த மன்றத்தில் இல்லை, அந்தக் குறையும் இவர் தேர்வாகக் கைகொடுத்தது.

அவருடைய உண்மையான பலம் வெளியுறவுத் துறைதான், 1920-லிருந்து சாகும்வரை அவர் கையில். முதல் உலகப் போருக்குப் பிறகு நாடுகள் சேர்ந்து அமைத்த சர்வதேச சங்கத்தில் (League of Nations, ஐ.நா.வுக்கு முன்னோடி) சேரலாமா என்ற 1920 வாக்கெடுப்பில் சேரலாம் என்று ஊர் ஊராகப் பேசினார். மக்களில் 56 சதவீதம் ஆதரவு, ஆனால் மாநிலங்களிலும் பெரும்பான்மை வேண்டும், சில மாநிலங்களுக்கு அரைக் கணக்குதான், அந்தக் கணக்கில் பதினொன்றரைக்குப் பத்தரை! அரை மாநிலம் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் அவ்வளவுதான்.

அதே மனிதர்தான் 1934-இல் சோவியத் ரஷ்யாவை அந்தச் சங்கத்தில் சேர்க்கவே கூடாது என்று ஜெனீவாவில் நேருக்கு நேர் பேசினார். எதிர்த்து வாக்களித்தவை மூன்றே நாடுகள்: சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து, போர்ச்சுகல். இதைத் துணிச்சல் என்று பாராட்டுபவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு சுலபமாகப் பாராட்டத் தோன்றவில்லை, ஏனென்றால் ரஷ்யா விஷயத்தில் இத்தனை கறார் காட்டியவர் முசோலினி விஷயத்தில் வளைந்துதான் கொடுத்தார், எத்தியோப்பியாவை இத்தாலி பிடித்ததை 1936 டிசம்பரிலேயே சுவிஸ் அரசு அங்கீகரித்துவிட்டது. மாஸ்கோவோடு தூதரக உறவு வந்தது 1946-இல்தான், மோட்டா போய் ஆறு வருடம் கழித்து.