பைக்குள் காற்றுக்கு இடம் தராதீர்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஃப்ரீசரின் அடியில் மறந்துபோன மீன் பொட்டலம் ஒன்றை இரண்டு மூன்று மாதம் கழித்து வெளியே எடுத்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். பைக்குள் பொடிப்பொடியாகப் பனி உதிர்ந்து கிடக்கும். துண்டுகளின் ஓரம் வெளுத்து, தொட்டால் சொரசொரவென்று இருக்கும். குழம்பில் போட்டால் மசாலா பிடிக்காமல் நார்நாராகப் பிரியும். மீன்காரர் பழைய மீனைத் தலையில் கட்டிவிட்டார் என்று அவரைத் திட்டுவோம். அந்தப் பனி எங்கிருந்து வந்தது என்று யோசிப்பதில்லை.

அது அந்த மீனுக்குள் இருந்த தண்ணீர். மீனை விட்டு வெளியேறி, பையில் கிடைத்த காலி இடத்தில் பனியாகப் படிந்துவிட்டது. அந்தக் காலி இடத்தைக் கொடுத்தவர்கள் நாம்தான். காற்றையும் சேர்த்து அடைத்து முடிச்சுப் போட்டவர்களும் நாம்தான். தூத்துக்குடியில் இறாலை உறையவைத்து ஏற்றுமதி செய்யும் கூடமொன்றில் தரக்கட்டுப்பாட்டு வேலையில் நெடுங்காலம் இருந்தவள் நான். எந்த வீட்டு ஃப்ரீசரைத் திறந்தாலும் என் கண் முதலில் தேடுவது பைக்குள் உப்பியிருக்கும் காற்றைத்தான்.

கல்லாக உறைந்த பிறகு தண்ணீர் எப்படி வெளியேறும் என்று கேட்கலாம். பூஜை அறையில் திறந்து வைத்த கற்பூரத்தை நினைத்துப் பாருங்கள். அது உருகுவதே இல்லை. ஆனாலும் நாளுக்கு நாள் சிறுத்துப்போகிறது. பதங்கமாதல் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். பனிக்கட்டியும் அப்படி நேராக ஆவியாகும். ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரிக் குளிரிலும் ஆகும், மெதுவாக. மேலும், நம் ஃப்ரீசர் ஒரே குளிரில் நிற்பதில்லை. கம்ப்ரசர் ஓடினால் குளிர் கூடும், நின்றால் குறையும். தானாகப் பனி கரையும் வகைப் பெட்டிகளில் அவ்வப்போது ஒரு ஹீட்டரே ஓடும். மின்வெட்டு வேறு. குளிர் கூடும் ஒவ்வொரு முறையும் பையின் தாள் மீனைவிட முந்திக் குளிர்ந்துவிடுகிறது. மீனிலிருந்து கிளம்பும் ஆவி அந்தத் தாளில் போய்ப் பனியாக ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது மீனுக்குள் திரும்பப் போவதில்லை. இரவு பகலாக இதுதான் நடக்கிறது. தாள் மீனின் மேலேயே படிந்து கிடந்தால் ஆவி கிளம்பவே இடமில்லை. இன்று இதையே திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்: தாள் மீனோடு ஒட்ட வேண்டும்.

காற்று இன்னொரு கேடும் செய்யும். அதிலுள்ள ஆக்சிஜன் மீனின் எண்ணெயைக் காறவைக்கும். எண்ணெய் நிறைந்த சாளை, காணாங்கெளுத்தி போன்றவை இதில் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். அவற்றை இரண்டு மூன்று மாதத்துக்குள் சமைத்துவிட வேண்டும். கொழுப்புக் குறைந்த விளைமீன் ஆறு மாதம் வரை தாங்கும். ஓரம் காய்ந்த மீனைச் சாப்பிட்டால் உடம்புக்குக் கெடுதல் வந்துவிடாது, பயப்பட வேண்டாம். மைனஸ் 18-இல் தொடர்ந்து இருந்த உணவில் கிருமி பெருகாது. போவது ருசியும் பதமும்தான். ஆனால் அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மீனில் ருசி போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

எங்கள் கூடத்தில் இறாலை உறையவைக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். தலை கிள்ளி, கழுவி, எடை போட்ட இறாலைத் தட்டில் வரிசையாக அடுக்குவார்கள். ஒரு தட்டுக்கு இரண்டு கிலோ. அதன் மேல் ஐஸ் தண்ணீரை ஊற்றி மூழ்கடிப்பார்கள். மைனஸ் 40 டிகிரியில் இருக்கும் உலோகத் தட்டுகளுக்கு நடுவே அது கட்டியாக உறையும். பிறகு அந்தக் கட்டியை மறுபடியும் ஐஸ் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுப்பார்கள். மேலே கண்ணாடிப் பூச்சாக மெல்லிய பனித்தோல் ஏறும். கிளேசிங் என்று சொல்வோம். அடுக்கும் பெண்களுக்கு மூத்தவராக ஓர் அக்கா இருந்தார். தட்டுத் தட்டாகக் குனிந்து பார்ப்பார். எங்கேயாவது ஒரு வால் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் விடமாட்டார். "பிள்ளைகளா, இந்த வால் வெளியே நிற்கிறது பாருங்கள், இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள்" என்பார். அப்படித் தப்பிப்போன தட்டு எதையாவது குளிர்கிடங்கிலிருந்து சில வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால், மூழ்கியிருந்த இறால்கள் எல்லாம் பளபளவென்று இருக்கும். நீட்டிக்கொண்டிருந்த வால்நுனி மட்டும் சுண்ணாம்பு வெள்ளையாகக் காய்ந்திருக்கும். ஒரே இறால், ஒரே குளிர், ஒரே நாள். காற்று பட்ட அரை விரற்கடைதான் வித்தியாசம். காற்றின் மேல் எனக்கு இருக்கும் கோபம் அந்த வால்நுனியில் தொடங்கியது.

இந்தியாவிலிருந்து உறைந்த இறால் கொச்சியில் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போகத் தொடங்கியது 1953-இல். எங்கள் கூடத்தில் இறாலை உறையவைத்த அந்த உலோகத் தட்டு ஃப்ரீசரின் மூலத்தைத் தேடினால் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கரிடம் போய் நிற்போம். 1912-இல் இன்றைய கனடாவில் இருக்கும் லாப்ரடார் பகுதிக்குப் போனவர். அங்கே இனுவிட் என்ற பூர்வகுடி மக்கள் பனிக்கு அடியிலிருந்து பிடித்த மீன், கடுங்குளிர்க் காற்றில் பிடித்த கையோடு உறைவதையும், மாதக்கணக்கில் கழித்துச் சமைத்தாலும் புது மீனாகவே இருப்பதையும் பார்த்தார். ஊர் திரும்பிப் பல ஆண்டு உழைத்து, பொட்டலம் கட்டிய மீனை இரண்டு குளிர்ந்த உலோகத் தட்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்தி உறையவைக்கும் இயந்திரத்தைச் செய்தார். 1930-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கடைகளில் அந்தப் பொட்டலங்கள் விற்பனைக்கு வந்தன. எல்லோரும் அவருடைய வேகத்தைப் பேசுவார்கள். வேகமாக உறைந்தால் பனிப்படிகம் சிறிதாக இருக்கும், சதை கிழியாது, உண்மைதான். எனக்கோ அவர் போட்ட அழுத்தம்தான் பெரிது. இரண்டு தட்டுக்கு நடுவே நசுங்கும் பொட்டலத்தில் காற்று எங்கே தங்கும்?

சரி, வீட்டுக்கு வருவோம். உங்களுக்கு அந்த இயந்திரம் எதுவும் வேண்டாம். ஒரு வாளித் தண்ணீர் போதும்.

கனமான ஜிப் பை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் காய்கறி போட்டுத் தரும் மெல்லிய பை உதவாது. மீனைக் கழுவி, ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகப் பைக்குள் வையுங்கள். ஜிப்பை ஒரு மூலை மட்டும் விட்டு மூடுங்கள். இப்போது பையை வாளித் தண்ணீருக்குள் அடியிலிருந்து மெல்ல மெல்ல இறக்குங்கள். தண்ணீர் நான்கு பக்கமும் பையை நெருக்கும். காற்று மேலே ஏறி, திறந்திருக்கும் மூலை வழியாகப் போகும். தாள் மீனைப் பற்றிக்கொண்டு வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முதலில் தோலின் வரி தெரியும், பிறகு நடுமுள்ளின் மேடு தெரியும். சீலா மீன் துண்டில், சென்னைப் பக்கம் வஞ்சிரம் என்பார்கள், வயிற்றுப் பக்கம் ஒரு வளைவு இருக்கும் அல்லவா, அந்த இடுக்கில் ஒரு குமிழி பதுங்கிக்கொள்ளும். பையைச் சற்றுச் சாய்த்து, விரலால் தள்ளினால் அதுவும் ஏறிப் போய்விடும். ஜிப் தண்ணீருக்கு ஒரு விரல் மேலே இருக்கும்போதே மூலையை அழுத்தி மூடுங்கள். தண்ணீர் உள்ளே போகாது. எடுத்துத் துடைத்துவிட்டு, பையைத் தட்டையாகப் படுக்க வைத்து உறையவிடுங்கள். தட்டையாக இருந்தால் சீக்கிரமும் உறையும், அடுக்கவும் வசதி.

சிலர் உறிஞ்சுகுழலைப் பைக்குள் விட்டு வாயால் காற்றை இழுக்கிறார்கள். பச்சை மீனுக்கும் இறைச்சிக்கும் இதைச் செய்யவே செய்யாதீர்கள். அந்த நீர் வாய்க்கு வந்தால் கிருமியும் சேர்ந்து வரும். காற்றை உறிஞ்சி மூடும் இயந்திரம் வைத்திருப்பவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். முள் பையைக் குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் காற்று திரும்ப வந்துவிடும். இறாலுக்கு இன்னும் எளிது: எங்கள் அக்கா செய்ததையே செய்யுங்கள். டப்பாவில் போட்டு, மேலே கொஞ்சம் இடம் விட்டு, வால் மூழ்கும் வரை குளிர்ந்த தண்ணீர் ஊற்றி உறையவைத்துவிடுங்கள்.

துருவிய தேங்காயைப் பையில் போட்டு, உள்ளங்கையால் தேய்த்துத் தட்டையாக்கி, காற்றை வாய்ப்பக்கம் தள்ளி மூடினால் போதும். வேண்டும்போது ஒரு ஓரத்தை ஒடித்து எடுத்துக்கொள்ளலாம். பச்சைப் பட்டாணியை, விலை இறங்கும் காலத்தில் வாங்கி, கொதிக்கும் தண்ணீரில் ஒன்றரை நிமிடம் போட்டு, உடனே ஐஸ் தண்ணீருக்கு மாற்றி, நன்றாக உலர்த்தி...

நிலையத்து நண்பர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கையைக் காட்டுகிறார். மின்வெட்டைப் பற்றியும் உருகவைப்பதைப் பற்றியும் தனியாகப் பேச நினைத்திருந்தேன். இரண்டை மட்டும் அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் ஊற்றிய இறாலுக்கும், குழம்பு, ரசம் போன்றவற்றுக்கும் மட்டும் மேலே இடம் விடுங்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், டப்பா வெடித்துவிடும்.

இன்னொன்று கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது. காற்றில்லாமல் மூடிய மீனை ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் பையைத் திறந்துவிடுங்கள். காற்று இல்லாத இடத்தில்தான் வளரும் கிருமி ஒன்று உண்டு. குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்று பெயர். அதன் வித்துகள் உறைந்தாலும் சாவதில்லை. அதில் ஒரு வகை குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலேயே வளர்ந்து நஞ்சு உண்டாக்கக்கூடியது. ஆகவே பையைத் திறந்து, மீனை ஒரு பாத்திரத்துக்கு மாற்றி, மூடி, பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிடுங்கள். சமையல் மேடையில் வெளியே வைக்க வேண்டாம்.

நன்றி, வணக்கம்.