மூணு நிமிஷம் போதல

வணக்கம்ங்க. வேலையை விட்டுட்டு ஊர் ஊரா போய் வாழ்றதுன்னு எப்படி முடிவு பண்ணீங்க, அதை பத்தி பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. அதுக்கு நான் 1986லேர்ந்துதான் ஆரம்பிக்கணும்.

அப்ப நான் மதுரை டிரங்க் எக்ஸ்சேஞ்ச்ல, அதாவது வெளியூர் போன் காலை கையால இணைச்சு குடுக்குற இடத்துல, ஆபரேட்டர், சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்துச்சு. ஒரு நாள் ராத்திரி டியூட்டி. பேரையூர் பக்கத்துலேர்ந்து ஒரு பொண்ணு கைக்குழந்தையோட சாயந்திரத்துலேர்ந்து பெஞ்சுல உக்காந்திருக்கு, வீட்டுக்காரர் மிலிட்டரியில, அஸ்ஸாம்ல ஜோர்ஹாட்னு ஒரு ஊரு. நேரா லைன் கிடையாது, நாங்க மெட்ராஸை பிடிக்கணும், மெட்ராஸ் கல்கத்தாவை பிடிக்கணும், அங்கேருந்து கௌஹாத்தி, அப்புறம்தான் ஜோர்ஹாட், நடுவுல எங்க அறுந்தாலும் மறுபடி முதல்லேர்ந்து. ராத்திரி பதினொன்றரைக்கு கிடைச்சுது. அந்த பக்கம் ஒரு பொம்பளை ஆபரேட்டர் குரல், அதுக்கு பின்னாடி தகர கூரையில மழை கொட்டுற சத்தம். மதுரையில அப்ப வேர்த்து ஊத்துது, என் காதுல ஜோர்ஹாட் மழை பெய்யுது.

மூணு நிமிஷம் ஆனதும் நாங்க லைன்ல வந்து நேரம் முடிஞ்சுது நீட்டிக்கவான்னு கேக்கணும், அதுதான் ரூல். அந்த பொண்ணுகிட்ட அடுத்த மூணு நிமிஷத்துக்கு காசு இல்ல. குழந்தைக்கு பேர் வைக்கிறத பத்தி பேசிக்கிட்டு இருந்தாங்க, பேர் முடிவாகல. நான் லைனை இணைச்சிருந்த கார்டை, அதான் அந்த ஒயரை, போர்டுலேர்ந்து உருவினேன். இன்னைக்கு வரைக்கும் என் கை அதை மறக்கல.

அந்த வேலையில இருந்தவங்களுக்கு தெரியும், நாங்க ஒரே நாற்காலியில உக்காந்து இந்தியா பூரா போய்ட்டு வருவோம், ஆனா எதையும் பாத்ததில்ல. ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங்னு கால்ல வகை இருக்கும், லைட்னிங்குக்கு எட்டு மடங்கு காசு, சாவு சேதின்னா ஏழைங்ககூட லைட்னிங் கேப்பாங்க. அப்புறம் ஆபரேட்டர் இல்லாம நேரா டயல் பண்ற எஸ்டிடி ஊர் ஊருக்கு வந்துச்சு, 180க்கு போன் பண்ணி டிரங்க் புக் பண்றவங்க குறைஞ்சாங்க, என்னை போன் நம்பர் விசாரிக்கிற 197க்கு மாத்துனாங்க, அப்புறம் பில் கவுண்டர். 2000 அக்டோபர்ல டிபார்ட்மென்ட் பிஎஸ்என்எல் ஆச்சு. 2013 ஜூலையில தந்தியை நிறுத்துன அன்னைக்கு நாங்க நாலஞ்சு பேர் போய் ஆளுக்கு ஒரு தந்தி குடுத்துட்டு வந்தோம். என் மண்டைக்குள்ள மட்டும் ஒவ்வொரு ஊரோட எஸ்டிடி கோட் நம்பர் எல்லாம் அப்படியே நின்னு போச்சு, 0376 ஜோர்ஹாட், 02992 ஜெய்சால்மர், 0364 ஷில்லாங், 03192 போர்ட் பிளேர், 01982 லே. ராத்திரி தூக்கம் வரலைன்னா சிலர் சாமி பேர் சொல்லுவாங்க, நான் இதை சொல்லிக்கிட்டே தூங்குவேன்.

2019 நவம்பர்ல விஆர்எஸ், அதான் விருப்ப ஓய்வு, அறிவிப்பு வந்துச்சு. 50 வயசு தாண்டினவங்க போகலாம், நவம்பர் 4லேர்ந்து டிசம்பர் 3க்குள்ள எழுதி குடுக்கணும். முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 35 நாள் சம்பளம், மிச்சமிருக்குற ஒவ்வொரு வருஷத்துக்கும் 25 நாள் சம்பளம்னு கணக்கு. ஆபீஸ்ல அந்த ஒரு மாசம் பூரா சாப்பாட்டு டப்பாவுக்கு பக்கத்துல கால்குலேட்டர்தான். எல்லாரும் கேட்ட கேள்வி ஒண்ணுதான், எவ்வளவு வரும். எனக்கு அப்ப 55, எனக்கும் அந்த கேள்வி முக்கியம்தான், பொண்ணு கல்யாண கடன் அப்பதான் முடிஞ்சிருந்துச்சு. ஆனா கணக்கு போட்டு முடிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்கு வேற ஒரு கணக்கு வந்துச்சு. என் மாமியார் 66 வயசுல மூட்டு போய் வாசப்படி இறங்க முடியாம உக்காந்தாங்க, எங்க அம்மா 64ல. எனக்கு அதுக்குள்ள பத்து வருஷம் இருக்கா? அந்த பத்து வருஷத்துல நாலை பில் கவுண்டர்ல குடுக்கணுமா? இந்த கணக்குக்கு கால்குலேட்டர் தேவைப்படல.

என் வீட்டுக்காரர் ட்ராயிங் மாஸ்டரா இருந்து முந்தின வருஷமே ரிட்டயர் ஆயிட்டார். அவர்கிட்ட சொன்னேன், வருஷத்துக்கு ரெண்டு டூர் போறதில்லைங்க, வீட்டை விட்டே கிளம்பணும், ஒவ்வொரு ஊர்லயும் மாசக்கணக்குல இருக்கணும்னு. அவர் ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் காப்பி குடிச்சுக்கிட்டே, பீரோவை என்ன பண்றதுன்னு கேட்டார். அவர் சம்மதம் அப்படித்தான் வந்துச்சு. பொண்ணுதான் அழுதா, ராத்திரி நெஞ்சு வலின்னா தெரியாத ஊர்ல யாரும்மா தூக்கிட்டு போவான்னு. நியாயமான பயம்தான், இல்லைன்னு நான் சொல்லல.

2020 ஜனவரி 31. எங்க கம்பெனியில மட்டும் ஒரே நாள்ல 78,000 பேருக்கு மேல வீட்டுக்கு போனோம். ஏப்ரல்ல கிளம்ப டிக்கெட் எடுத்து வச்சிருந்தேன். மார்ச் 24 ராத்திரி லாக்டவுன், ரயிலே நின்னு போச்சு. ஊர் சுத்தணும்னு வேலையை விட்டவ தெருமுனைக்கு பால் வாங்க போக முடியாம ஒன்றரை வருஷம் வீட்டுக்குள்ள இருந்தேன். அந்த காலத்துல என்னோட வேலை பாத்த ரெண்டு பேர் இறந்து போயிட்டாங்க. ஒருத்தி எனக்கு பக்கத்து போர்டு, என்னைவிட ஒரு வயசு சின்னவ, காஷ்மீர் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பா. அதுக்கப்புறம் என் பொண்ணே சொன்னா, போம்மான்னு.

2021 அக்டோபர்ல கிளம்பினோம். வீட்டை வாடகைக்கு விட்டோம், மாடியில ஒரு ரூம் மட்டும் எங்களுக்கு, அதுல பீரோ, சாமி படம், அம்மா குடுத்த பித்தளை அண்டா. சமையல் கேஸ் கனெக்ஷனை சரண்டர் பண்ணி டெபாசிட்டை வாங்கியாச்சு. போன் நம்பரை மட்டும் மாத்தவே மாத்தாதீங்க, பேங்க், ஆதார், பென்ஷன் எல்லாம் அந்த ஓடிபியிலதான் தொங்குது. வருஷாவருஷம் உயிர்சான்று குடுக்க ஊருக்கு வரணுமேன்னு கவலைப்பட்டோம், அதுவும் வேண்டியதில்ல, முதல் வருஷம் விரல் ரேகை, இப்ப போன்ல முகத்தை காட்டினாலே போதும், நான் ஷில்லாங்ல உக்காந்து குடுத்தேன். மாத்திரை ரெண்டு மாசத்துக்கு கையில இருக்கணும், டாக்டர் சீட்டு ஒரு போட்டோ போன்ல, ஒரு காப்பி பொண்ணுகிட்ட.

ரயில் பத்தி நிறைய பேர் கேக்குறாங்க. பெரியவங்களுக்கு இருந்த கட்டண சலுகை 2020 மார்ச்சோட நின்னுச்சு, அதனால முழு கட்டணம்னே பட்ஜெட் போடுங்க. பொம்பளைங்களுக்கு 45 வயசுக்கு மேல கீழ் பெர்த் கோட்டா இருக்கு, அதை நிறைய பேர் கேக்கவே மாட்டேங்குறாங்க. அப்புறம் சர்க்குலர் டிக்கெட்னு ஒண்ணு, கிளம்பின ஊருக்கே திரும்பி வர்ற மாதிரி ரூட் எழுதி குடுத்தா ஒரே டிக்கெட்ல எட்டு இடம் வரைக்கும் இறங்கி இருந்துட்டு போகலாம், தூரம் கூடக்கூட கிலோமீட்டர் ரேட்டு குறையும், பெர்த் மட்டும் தனித்தனியா ரிசர்வ் பண்ணணும்.

முதல்ல ஜெய்சால்மர் போனோம், மதுரையிலேர்ந்து ராஜஸ்தான்ல பிகானேர் வரைக்கும் நேர் வண்டி இருக்கு, அங்கேருந்து ஜெய்சால்மர். அங்க கோட்டைக்குள்ள இன்னமும் குடும்பங்க இருக்காங்க, மாடு நிக்குது, பிள்ளைங்க ஸ்கூல் பையோட ஓடுது, கோட்டைன்னா காலியா கிடக்கும்னு நினைச்சிருந்த எனக்கு அது பெரிய ஆச்சரியம். அதை பத்தி இன்னொரு நாள் சொல்றேன், ஏன்னா ஜோர்ஹாட் சொல்லியாகணும்.

2022 மார்ச் கடைசியில கன்னியாகுமரியில விவேக் எக்ஸ்பிரஸ் ஏறினோம், திப்ருகர் வரைக்கும் 4,000 கிலோமீட்டருக்கு மேல, மூணு நாளைக்கும் மேல வண்டியிலயே. அங்கேருந்து பஸ்ல ஜோர்ஹாட். ஒரு டீச்சரம்மா வீட்ல பின்பக்கம் ரெண்டு ரூம், தகர கூரை. முதல் வாரம் வெறும் வேடிக்கை, ரெண்டாவது வாரம் போரடிச்சுது, உண்மைய சொல்றேன், நம்ம ஊர் ஞாபகம் வந்து என் வீட்டுக்காரர் சாப்பாட்டை தள்ளி வச்சார். மூணாவது வாரத்துலேர்ந்துதான் ஊர் எங்ககூட பேச ஆரம்பிச்சுது. காய்க்கடைக்காரர் பேர் தெரிஞ்சுது, பால் போடாத லால் சா பழகிச்சு, ஏப்ரல் நடுவுல அவங்க புத்தாண்டு பண்டிகை பிஹு வந்துச்சு, அந்த டீச்சரம்மா அரிசி மாவுல எள்ளும் வெல்லமும் வச்சு பித்தா சுட்டு குடுத்தாங்க, நான் கொழுக்கட்டை பண்ணி குடுத்தேன், ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்து சிரிச்சோம், ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி இருந்துச்சு. நிமாத்தி காட்னு ஒரு படகுத்துறையில படகு ஏறி மாஜுலி தீவுக்கு போனா, பிரம்மபுத்ராவுல அக்கரை தெரியாது, கடல்னே நினைச்சேன். அங்க ஒரு சத்திரால, அதாவது வைணவ மடத்துல, மூங்கிலும் களிமண்ணும் துணியும் வச்சு முகமூடி செய்றாங்க, ட்ராயிங் மாஸ்டர் அங்கயே நாலு நாள் உக்காந்துட்டார். மூணு நாள் டூர்ல வந்திருந்தா போட்டோ எடுத்துட்டு திரும்பியிருப்போம். டூர்ங்கிறது எனக்கு அந்த மூணு நிமிஷ கால் மாதிரிதான், பேர் முடிவாகுறதுக்கு முன்னாடி யாரோ கார்டை உருவிடுவாங்க.

அப்புறம் ஒரு ராத்திரி மழை வந்துச்சு. தகரத்து மேல. நான் எழுந்து உக்காந்துட்டேன். 36 வருஷத்துக்கு முன்னாடி ஹெட்செட்ல கேட்ட அதே சத்தம், இப்ப என் தலைக்கு மேல. என் வீட்டுக்காரர் என்னாச்சுன்னு கேட்டார், எனக்கு பதில் சொல்ல வரல, அழுதுட்டேன். விடியற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தேன், யாரும் நேரம் முடிஞ்சுதுன்னு சொல்லல.

இப்ப ஒரு மாசத்துக்கு மதுரை வந்திருக்கோம், ரத்த பரிசோதனை, வீட்டு வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கிறது, பேரன் பிறந்தநாள். அடுத்தது 01982. லே 3,500 மீட்டர் உயரம், எனக்கு பிபி இருக்கு, டாக்டர் போகலாம்னு சொல்லிட்டார், ஆனா போன உடனே ரெண்டு நாள் ரூமை விட்டு அசையக்கூடாது, படுத்தே இருக்கணும்னு கண்டிப்பா சொல்லியிருக்கார். ஜூன்ல கிளம்புறோம், ஸ்வெட்டர் மாடி ரூம் பீரோவுல இருக்கு, இந்த ரெக்கார்டிங் முடிஞ்சதும் போய் வெயில்ல காய வைக்கணும். வரேங்க, வணக்கம்.