தகரத் துண்டும் முச்சையும்

(யாழ்ப்பாணத்தில் இளம் தொழில்முனைவோர் முன் பேசியது)

வணக்கம். வல்வெட்டித்துறைப் பிள்ளைகள் யாராவது இங்கே இருந்தால், நான் சொல்லப்போவது அவர்களுக்குப் புதிதில்லை. தைப்பொங்கலுக்குப் பட்டம் கட்டுகிறவன் நேரே கடற்கரைக்குப் போவதில்லை. முன்கூட்டியே வெறும் வெளியில் ஏற்றிப் பார்ப்பான். குத்தினால் முச்சையை, அதாவது பட்டத்தில் நூலைப் பிணைக்கும் கட்டை, அவிழ்த்து ஒரு விரற்கடை தள்ளிக் கட்டுவான். பிறகும் கரணமடித்தால் வாலை நீட்டுவான். கடதாசி கிழிந்தால் என்ன, பசை இருக்கிறதே!

படித்து முடித்துக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்ததும் நான் இதை மறந்துவிட்டேன். வீட்டிலிருந்தே போனில் தோட்டத்து மோட்டரைப் போடவும் நிறுத்தவும் ஒரு கருவி செய்தேன். எட்டு மாதம். மின்சுற்று, செயலி, மழை படாத பெட்டி, மூன்று மொழி. எல்லாம் முடிந்த பிறகுதான் உரும்பிராய்ப் பக்கத்து வெங்காயத் தோட்டம் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். தோட்டக்கார ஐயா பார்த்தார்.

"தம்பி, மோட்டர் போடுறது ஒரு வேலையே? பாத்திக்குப் பாத்தி தண்ணி மாற ஆர் நிக்கிறது?"

அவ்வளவுதான். எப்படியும் ஒருவர் மண்வெட்டியோடு வாய்க்காலில் நிற்கத்தான் வேண்டும். அவரே மோட்டரையும் நிறுத்திவிடுவார்.

இதை ஒரே காலையில் அறிந்திருக்கலாம். நான் கிணற்றடியில் உட்கார்ந்திருப்பேன். ஐயா வீட்டிலிருந்து போன் எடுப்பார். நான் கையால் சுவிட்சைப் போடுவேன். கருவியே வேண்டாம், நானே கருவி. 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் ஆய்வாளர்கள் இதைத்தான் செய்தார்கள். பேசினால் எழுதும் இயந்திரம் மனிதருக்குப் பயன்படுமா என்று அறிய, பேச்சைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் ஒருவரை மறைவில் உட்கார வைத்தார்கள். பேசியவரின் திரையில் எழுத்து வந்தது. இயந்திரம் பிறக்கும் முன்பே அதைப் பாவிப்பவர் என்ன செய்வார் என்பது தெரிந்துவிட்டது.

போல் மக்ரெடி (Paul MacCready) என்ற அமெரிக்கரின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். மனித பலத்தால் மட்டும் பறந்து, அரை மைல் இடைவெளியில் உள்ள இரண்டு கம்பங்களை எட்டுப் போலச் சுற்றுகிறவருக்கு ஒரு பரிசு. 1959இல் அறிவித்த அந்தப் பரிசு பிறகு 50,000 பவுண்ட்ஸ் வரை உயர்ந்தது. மற்றவர்கள் அழகான விமானங்கள் கட்டினார்கள். விழுந்தால் திருத்த மாதக்கணக்கு. மக்ரெடி அலுமினியக் குழாய், மெல்லிய பிளாஸ்டிக் தாள், பியானோக் கம்பி, ஒட்டுநாடா ஆகியவற்றால் கட்டினார். விழுந்தால் சீக்கிரமே ஒட்டி மறுபடி பறக்க விடலாம். (உறவினரின் கடனுக்குப் பொறுப்பு நின்று மாட்டிக்கொண்டவர் அவர். அவசரம் இருக்காதா?) 1977 ஆகஸ்ட் 23இல் பரிசு அவருக்கு. என் கண்ணுக்கு அந்த விமானம் ஒரு பெரிய பட்டம்தான்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல். பளபளப்பான பெட்டியைக் காட்டினால் "நல்லாயிருக்கு தம்பி" என்று சொல்லிப் பிளேன்ரீ தருவார்கள். உங்கள் உழைப்பைப் பார்த்து மனம் இளகிவிடும், குறை வாயில் வராது. அந்த ஐயா விதிவிலக்கு. அரைகுறையாக ஒன்றைக் காட்டிப் பாருங்கள், கையில் வாங்கித் திருப்பி வளைத்துத் திட்டுவார்கள்.

சரி, இப்போது என்ன செய்கிறேன்? பழைய பிஸ்கட் டின் தகரத்தில் வாய்க்காலுக்குச் சின்னக் கதவு. பாத்தி நிரம்பினால் மிதவை தூக்கி அடுத்த பாத்திக்கு வழிவிட வேண்டும். முதலாவதைத் தண்ணீர் பத்து நிமிடத்தில் அடித்துக்கொண்டு போனது. இரண்டாவதில் சேறு இறுகியது. மூன்றாவதை வைத்துவிட்டு மறுநாள் போனால், வைத்த இடத்தில் காணவில்லை. நாலு பாத்தி தள்ளி, பக்கத்தில் ஒரு கல்லும் முண்டு கொடுத்து, ஐயா தானே மாற்றி வைத்திருந்தார்.