கெனோஜுவாக்கின் ஆந்தை

அவையோர்க்கு வணக்கம். வடதுருவத்தை ஒட்டிய ஆர்க்டிக் பகுதியின் பூர்வகுடிகளான இன்யூட் மக்களின் கலையால் ஈர்க்கப்பட்டு ஆர்க்டிக் விலங்குகளை வரைய விரும்பும் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது, 1960-இல் கெனோஜுவாக் அஷெவாக் என்ற பெண்மணி படைத்த 'மாய ஆந்தை' அச்சோவியத்தைத்தான். உருண்டைக் கண்களால் நம்மை நேருக்கு நேர் பார்க்கும் அந்தப் பறவையின் இறகுகள் தீச்சுடர்போல் நீண்டு விரிகின்றன. பின்னால் பனியும் இல்லை, வானமும் இல்லை, வெறும் தாள்தான். 1970-இல் கனடா அதை அஞ்சல்தலையாகவே வெளியிட்டது.

அது உருவான ஊர், வட கனடாவில் பாஃபின் தீவை ஒட்டிய கேப் டார்செட். இன்று அதற்குப் பெயர் கின்ஙாய்ட். அங்கே பணியாற்றிய கனடிய ஓவியர் ஜேம்ஸ் ஹூஸ்டன் 1958-இல் ஜப்பானுக்குச் சென்று அச்சுக்கலை பயின்று வந்தார். ஜப்பானியர் மரத்தில் செய்ததை, கல் செதுக்குவதில் கைதேர்ந்த அவ்வூரார் கல்லில் செய்தார்கள். வழவழப்பாகத் தேய்த்த கல்லில் உருவம் மட்டும் மேடாக நிற்கும்படி மற்ற இடத்தைக் குடைந்தெடுத்து, மேட்டில் மை பூசி, மெல்லிய தாளை விரித்து, அதன் முதுகில் கையால் பதமாகத் தேய்த்து எடுப்பார்கள். ஐம்பது படிகள் எடுத்ததும் கல்லிலுள்ள உருவத்தை அழித்துவிடுவார்கள்.

கெனோஜுவாக்கின் முதல் அச்சோவியம், அவர் சீல் தோல் பையில் வெட்டித் தைத்திருந்த உருவத்திலிருந்து வந்தது. அவருடைய உருவங்களின் விளிம்பு அவ்வளவு துல்லியமாக இருப்பதற்கு, தோலை வெட்டிப் பழகிய கையே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒரு மாணவி பனிக்கரடியையும் பென்குயினையும் அருகருகே அழகாக வரைந்து வந்தார். ஆர்க்டிக்கில் பென்குயின் இல்லை என்று சொன்னபோது அவர் முகம் வாடியது எனக்கும் வருத்தமே. ஆனால், கடல்தாய் செட்னாவின் வெட்டுண்ட விரல்களே சீல்களாகவும் திமிங்கிலங்களாகவும் மாறின என்று கதை சொல்லும் மக்களுக்கு, விலங்கு வெறும் அலங்காரம் அன்று. அவர்களுடைய உணவும் உடையும் அதுவே. நீங்கள் செட்னாவை வரைந்தால், அது யாருடைய கதை என்பதை ஓவியத்தின் கீழே எழுதுங்கள். அதை இன்யூட் கலை என்று சொல்லி விற்காதீர்கள். போலிகள் பெருகியதால்தான் கனடா அரசு 1958-லேயே அசல் படைப்புகளுக்குப் பனிவீட்டின் (இக்லூ) படம் பொறித்த முத்திரைச் சீட்டைக் கொண்டுவர நேர்ந்தது.

இன்று பென்சிலை எடுக்க வேண்டாம். கறுப்புத் தாளும் கத்தரிக்கோலும் மேசையில் உள்ளன. நீங்கள் நெடுநேரம் கூர்ந்து பார்த்த ஒரு விலங்கை, கோடு போடாமல் நேரே வெட்டி எடுங்கள்.