சாப்பாடு சொல்றதுக்குக் காசுங்களா?

நேயர்களுக்கு வணக்கம்.

பல்லடத்தில் நான் உணவு ஆலோசனை அறை திறந்து 6 வருஷம் ஆகிறது. திறந்த வாரமே பக்கத்து மளிகைக்கடை அண்ணன் என் பலகையை நிதானமாகப் படித்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க அம்மிணி, என்ன திங்கோணும்னு சொல்றதுக்குக் காசு வாங்குவீங்களா?" அவர் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. கேள்வியில் நியாயமும் இருந்தது. நம்ம பக்கம் ஒருத்தருக்குச் சர்க்கரை வந்துவிட்டது என்று தெரிந்தால் போதும். சீர் வீட்டில் பார்த்த பெரியம்மா, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், வாட்ஸ்அப்பில் மச்சான் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எல்லாமே இலவசம். நடுவில் நான் மட்டும் 500 ரூபாய் கேட்டால்?

ஊட்டச்சத்து படித்துவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். கோவையில் 1957இலேயே அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி வந்துவிட்டது. ராஜம்மாள் தேவதாஸ் அம்மையார் அங்கிருந்து ஊட்டச்சத்துப் படிப்பை வளர்த்தார். அதனால் கொங்குப் பக்கம் இதைப் படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சொந்தமாகப் பலகை மாட்டியவர்கள் குறைவு. நானும் முதலில் ஒரு மருத்துவமனையில்தான் இருந்தேன். ஒரு நாளைக்கு 40 பேர். ஜெராக்ஸ் எடுத்த அட்டவணையில் பெயரை எழுதிக் கொடுப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள். வாங்கியவர்கள் அதை என்ன செய்தார்கள் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது.

சரி, அறை பார்த்த கதையைச் சொல்கிறேன். வாடகை குறைவு என்று ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் பிடித்தேன். 18 படி. என்னிடம் யார் வருவார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் பிடித்திருக்க மாட்டேன். எடை கூடி, முட்டி தேய்ந்தவர்கள்தானே வருவார்கள்? முதல் மாதம் ஓர் அம்மா ஏழாவது படியில் உட்கார்ந்துகொண்டு, ஃபைலை மட்டும் மகளிடம் கொடுத்து மேலே அனுப்பினார். நான் இறங்கிப் போய் ஆறாவது படியில் உட்கார்ந்து பேசினேன். இரண்டே மாதத்தில் கீழே ஒரு பழைய டெய்லர் கடைக்கு மாறிவிட்டேன்.

பதிவு வேலைகள் நினைத்த அளவு பயமுறுத்தவில்லை. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. காசு கேட்கிற இணையதளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள். சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு என்பது வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போது வருகிற கவலை. எனக்கு இன்னும் அந்தக் கவலை வரவில்லை. ஆனால் தகுதி விஷயத்தில் கறாராக இருங்கள். மருத்துவமனைப் பயிற்சி முடித்து, இந்திய டயட்டெடிக் சங்கம் நடத்தும் தேர்வை எழுதிப் பதிவு பெறுங்கள். உணவியல் வல்லுநர்களையும் சேர்த்து ஒழுங்குபடுத்த 2021இல் மத்தியச் சட்டமே வந்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம் என்ற காலம் நீடிக்காது. அப்புறம், உங்களை 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு முறையும் திருத்துங்கள், அலுப்பாக இருந்தாலும்.

இனி நான் சறுக்கிய இடம். சோமனூர் பக்கமிருந்து விசைத்தறி ஓட்டுகிற ஒருவர் வந்தார். வயது 42, சர்க்கரை வந்து ஒரு வருஷம். காலை 8 மணிக்கு இது, மதியம் 1 மணிக்கு இது, ராத்திரி 8 மணிக்கு இது என்று அழகாகக் கட்டம் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு வரிக்கும் "சரிங்க" என்றார். போனவர் மூன்று மாதம் திரும்பவில்லை. பிறகு மனைவியோடு வந்தார், சர்க்கரை இன்னும் ஏறியிருந்தது. அந்தம்மா பர்ஸிலிருந்து என் தாளை எடுத்தார். நாலாக மடித்த மடிப்புகூடக் கலையவில்லை. "இவரு காத்தால எட்டு மணிக்குத்தானுங்க படுப்பாரு" என்றார்.

நைட் ஷிஃப்ட். நான் கேட்கவே இல்லை. அவரும் சொல்லவில்லை, மரியாதைக்காக. நம்மவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறவரிடம் 'முடியாது' என்று சொல்வதில்லை. 'சரிங்க' என்பார்கள். 'கேட்டுட்டேன், ஒத்துக்கிட்டேன்னு சொல்லல' என்பது அதற்குள் இருக்கும். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத இந்தச் 'சரிங்க'வைப் பிரித்துப் பார்க்கத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது.

இப்போதெல்லாம் அட்டவணைக்கு முன்னால், "நேத்து எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்க" என்றுதான் தொடங்குகிறேன். அவரும் சொன்னார். இனிப்பே தொடுவதில்லையாம். ஆனால் தறி ஓடும்போது தூக்கம் வராமலிருக்க ராத்திரிக்கு 5 டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஸ்பூனுக்கு 5 கிராம் என்றால் மொத்தம் 50 கிராம். ஒரு மணி டீயோடு ஒரு தேங்காய் பன்னும் உண்டு. நாங்கள் மாற்றியது இவ்வளவுதான்: பன்னுக்குப் பதிலாக வீட்டிலிருந்து ஒரு சின்னப் போசியில் தட்டைப்பயறோ கொள்ளோ வேகவைத்துக் கொண்டுபோவது, டீயைச் சர்க்கரை இல்லாமல் இரண்டாகக் குறைப்பது. மாத்திரை நேரத்தை ஷிஃப்டுக்கு ஏற்ப மாற்ற முடியுமா என்று அவருடைய டாக்டருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாத்திரை நம் எல்லை இல்லை. அதே நேரம், இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுக்கிறவருக்குச் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் சர்க்கரை சட்டென்று இறங்கி, வேர்த்து, கை நடுங்கி, தறிப்பக்கமே விழுந்துவிடலாம். சிறுநீரகக் கோளாறு இருக்கிறவர்களும் அப்படித்தான். பொள்ளாச்சித் தோப்புக்காரர் ஒருவர் உடம்புக்கு நல்லது என்று தினமும் இரண்டு இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறுகிற கழிவான கிரியேட்டினின் கூடியிருந்த ரிப்போர்ட் கையில் இருந்தது. இளநீரில் பொட்டாசியம் அதிகம். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது, அது இதயத் துடிப்பில் கைவைக்கும். சொந்தத் தோப்பு இளநீரை வேண்டாம் என்று சொல்ல அன்று எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ரிப்போர்ட்டைப் படிக்காமல் வாயைத் திறக்காதீர்கள்.

எண்ணெய்க் கணக்கும் அப்படித்தான். "தினம் எவ்வளவு எண்ணெய் ஊத்துவீங்க?" என்று கேட்டால், "கொஞ்சமாத்தானுங்க" என்பார்கள். "மாசம் எத்தனை லிட்டர் வாங்குறீங்க, வீட்ல எத்தனை பேரு?" என்று கேளுங்கள். நாலு பேருக்கு 5 லிட்டர் கடலை எண்ணெய் என்றால், ஆளுக்குத் தினம் 37 கிராமுக்கு மேல். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல், 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 27 கிராம் என்கிறது. மூன்றரை லிட்டர் போதும். "நாங்க செக்குல ஆட்டுனதுதானுங்க ஊத்தறோம்" என்று பதில் வரும். செக்கோ மில்லோ, கிராமுக்கு 9 கலோரிதான் என்று சிரித்துக்கொண்டே சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். முதல் வருஷம் சொந்தக்காரர்கள், சொந்தக்காரர்களுக்குச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சும்மாவே பார்த்தேன். ஒருத்தரும் இரண்டாம் தடவை வரவில்லை. இப்போது 500 ரூபாய்க்கு மூன்று தடவை என்று வைத்திருக்கிறேன். கட்டிய காசு வீணாகிவிடுமே என்று வந்துவிடுகிறார்கள். முதல் தடவை அவர்கள் 'சரிங்க' என்று கேட்டுக்கொள்கிற நாள். இரண்டாம் தடவைதான் எது முடியவில்லை என்று வாய்திறப்பார்கள். என் வேலை அன்றைக்குத்தான் தொடங்குகிறது. புரோட்டீன் பவுடர் டப்பாவை விற்றுக் கொடுத்தால் கமிஷன் தருவதாக ஆட்கள் வருவார்கள். டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நேரத்தையும் ஊருக்குத் தக்கபடி வையுங்கள். நான் சாயங்காலம் 4 மணிக்குத் திறக்கிறேன், நைட் ஷிஃப்ட்காரர்கள் எழுந்து வர வசதியாக. ஞாயிற்றுக்கிழமையும் உண்டு, பனியன் கம்பெனி ஆட்களுக்கு அன்றுதான் லீவு. ஆனால் ஞாயிறு மதியம் எல்லா வீட்டிலும் கறி. சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டுவிட்டு வருவார்கள். உள்ளே நுழையும்போதே மூலையில் இருக்கிற எடை மெஷினை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னிக்கு மட்டும் அது வேண்டாமுங்க" என்பார்கள். சரிங்க என்று சொல்லிவிட்டு இஞ்ச் டேப்பைக் கையில் எடுப்பேன்.