வாய்க்கு ஏற்ற இரை

நேயர்களுக்கு வணக்கம்.

புதுச்சேரி வானொலியில் மீனைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று வீட்டில் சொன்னதும், "கடலூர்க்காரி மீனைப் பற்றிப் பேசினால் குழம்பில்தான் போய் முடியும்" என்று சிரித்தார்கள். குழம்பு நடுவில் கொஞ்சம் வரத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பேச வந்தது கண்ணாடித் தொட்டியில் உப்புத் தண்ணீர் ஊற்றி வளர்க்கும் மீனைப் பற்றி. அதிலும் ஒரே ஒரு விஷயம். புதிதாக வாங்கி வந்த சின்னக் குஞ்சுக்கு முதல் இரண்டு வாரம் எப்படிச் சோறு ஊட்டுவது? தொட்டி அமைப்பது, உப்பு கலப்பது, விளக்கு மாட்டுவது இதெல்லாம் வேறு ஒரு நாள்.

கோமாளி மீனைப் பார்த்திருப்பீர்கள். ஆரஞ்சு உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டை. கடலில் கடற்சாமந்தி என்கிற, பூ மாதிரி இருக்கும் உயிரின் நடுவே ஒளிந்து வாழும். இப்போது இதைக் கடலிலிருந்து பிடித்து வரவேண்டும் என்பதில்லை. நம் பக்கத்திலேயே பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில், முட்டையிலிருந்து வளர்த்திருக்கிறார்கள். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலும் வளர்த்திருக்கிறார்கள். பெற்றோர் மீன் ஒரு கல்லிலோ ஓட்டிலோ முட்டையை ஒட்டி வைக்கும். அப்பா மீன் துடுப்பால் விசிறிக்கொண்டே காவல் இருக்கும். ஏறக்குறைய ஒரு வாரத்தில், இருட்டிய பிறகு, குஞ்சு வெளியே வரும்.

அந்தக் குஞ்சுக்கு முதல் சாப்பாடு ரோட்டிஃபர் என்கிற நுண்ணுயிர். ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. சில நாள் கழித்து ஆர்ட்டீமியா என்ற உப்பளத்துப் பூச்சியின் குஞ்சு; அது அரை மில்லிமீட்டர் இருக்கும். இறால் பண்ணைப் பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும். அப்புறம் தூள் தீனி, அப்புறம் குருணை. இரண்டு மூன்று மாதத்தில் ஓர் அங்குலம் வளர்ந்து கடைக்கு வந்துவிடுகிறது.

இங்கேதான் நம்மில் பலர் தவறு செய்கிறோம். "தொட்டியில் பிறந்த மீன்தானே, எதைப் போட்டாலும் தின்னும்" என்று நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். தொட்டியில் பிறந்த மீனுக்குத் தனக்குப் பழக்கிய சாப்பாடுதான் சாப்பாடு. நிறம் மாறினால், அளவு மாறினால், மிதக்க வேண்டியது மூழ்கினால், அது குப்பை. இதை இன்னொரு முறை சொல்கிறேன், ரேடியோவில் திருப்பிப் பார்க்க முடியாது அல்லவா. பழக்கிய சாப்பாடுதான் சாப்பாடு. ஆகவே மீன் வாங்கும்போது விலை கேட்பதற்கு முன்னால், "இதற்கு இங்கே என்ன போடுகிறீர்கள்? என் எதிரில் ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். தின்றால் வாங்குங்கள். அதே தீனியில் ஒரு டப்பாவும் வாங்குங்கள்.

நான் கேட்கவில்லை. பல வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு கடையில் இரண்டு குஞ்சு வாங்கினேன். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. காற்று அடைத்த பையை மடியில் வைத்துக்கொண்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் வந்தேன். பக்கத்து சீட்டில் இருந்த பாட்டி மரக்காணம் வரைக்கும் பையையே பார்த்துவிட்டு, "பொரிச்சா ஒரு வாய்க்குக் காணாதே" என்றார். வீட்டுக்கு வந்து தொட்டியில் விட்டேன். ஏற்கெனவே வீட்டில் இருந்த தகட்டுத் தீனியை, கலர் கலராகக் காகிதம் கிழித்த மாதிரி இருக்குமே, அதைப் போட்டேன். இரண்டும் ஓடி வந்து கவ்வின. எனக்கு ஒரே சந்தோஷம். நான்கு நாள் அப்படியே போட்டேன்.

எங்கள் தெருவுக்குத் தேவனாம்பட்டினத்திலிருந்து ஓர் அக்கா கூடையில் மீன் கொண்டுவருவார். ஐந்தாம் நாள் காரப்பொடி மீன் அளந்து போட்டுவிட்டு, தண்ணீர் குடிக்க உள்ளே வந்தவர் தொட்டி முன்னால் நின்றார். நான் பெருமையாகத் தீனி போட்டுக் காட்டினேன். அவர் சொம்பைக் கீழே வைக்காமலே சொன்னார்: "டீச்சரம்மா, அது தின்னல, துப்புது. வயிறு ஒட்டிக் கெடக்குது பாருங்க."

குனிந்து பார்த்தேன். கவ்வுகிறது, ஒரு நொடி வைத்திருக்கிறது, துப்புகிறது. மறுபடி கவ்வுகிறது, துப்புகிறது. நான் நான்கு நாளாக அந்தக் கவ்வலை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன். விலங்கியல் பாடம் நடத்துகிற எனக்கு, கூடைக்கார அக்கா வந்து சொல்ல வேண்டியிருந்தது. பக்கவாட்டில் பார்த்தால் வயிறு உள்வாங்கி இருந்தது. மேலிருந்து பார்த்தால் தலை பெருத்து, தலைக்குப் பின்னால் முதுகு கத்தி மாதிரி மெலிந்திருந்தது. மறுநாள் விடிவதற்குள் இரண்டில் சிறியது போய்விட்டது.

மிஞ்சிய ஒன்றைக் காப்பாற்றியது ஆர்ட்டீமியாதான். மரக்காணம் பக்கம் இறால் குஞ்சு பொரிப்பகத்தில் என் பழைய மாணவன் ஒருவன் வேலையில் இருந்தான். ஒரு ஃபிலிம் டப்பா நிறைய முட்டை கொடுத்தனுப்பினான். பார்க்கக் காபித்தூள் மாதிரி இருக்கும். அன்றிலிருந்து எனக்கு இது ஒரு பைத்தியம். எப்படிப் பொரிப்பது என்று சொல்கிறேன், சுலபம்தான்.

ஒரு லிட்டர் குளிர்பான பாட்டிலின் அடியை வெட்டிவிட்டு, மூடியோடு தலைகீழாக நிறுத்துங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் உப்பு. அரை டீஸ்பூன் முட்டை போதும். காற்றுக் குழாயை அடி வரைக்கும் விட்டு, முட்டை தங்காமல் சுழலும்படி காற்று கொடுங்கள். பக்கத்தில் ஒரு விளக்கு. நம் ஊர் வெயிலுக்குத் தனியாகச் சூடு வேண்டாம். 28 டிகிரியில் ஒரு நாளில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் காலி ஓடு மேலே மிதக்கும், குஞ்சு கீழே இறங்கும். அடியில் டார்ச் காட்டினால் வெளிச்சத்தைத் தேடி எல்லாம் ஒரே இடத்தில் கூடும். குங்குமப்பூவைக் கரைத்துவிட்ட மாதிரி ஒரு நிறம். மெல்லிய குழாயால் உறிஞ்சி, நெருக்கமாக நெய்த கைக்குட்டையில் வடிகட்டி அலசிக் கொடுங்கள். ஓடு சேர்ந்து போகக் கூடாது; சின்ன மீனின் குடலை அடைத்துவிடும்.

இன்னொன்று. பொரிந்த குஞ்சுக்கு வயிற்றில் தாய் கொடுத்த சத்து இருக்கிறது. நேரம் ஆக ஆக அதைத் தானே செலவழித்துவிடும். அதனால் காலையில் பொரிந்ததை மறுநாள் வரை வைத்திருந்து கொடுத்தால் சத்து குறைந்துபோயிருக்கும். இட்லி மாவு மாதிரி மொத்தமாகச் செய்து வைத்துக்கொள்கிற காரியம் இல்லை இது.

மாணவன் அனுப்பிய முட்டை பொரிந்த அன்று சாயங்காலம், மிஞ்சிய மீனுக்கு ஒரு சொட்டு விட்டேன். மூலையில் சாய்ந்து கிடந்த மீன் திரும்பியது. அசைகிற புள்ளி ஒன்றை உற்றுப் பார்த்தது. கொத்தியது. துப்பவில்லை. அதன் வயிறு பருத்து, தோல் வழியே இளஞ்சிவப்பு தெரிந்ததைப் பார்த்த பிறகுதான் நான் சாப்பிட உட்கார்ந்தேன்.

உயிருள்ள தீனி எப்போதும் வேண்டும் என்று சொல்லவில்லை. நாலைந்து நாள் அதைக் கொடுத்து, பிறகு அதோடு நுணுக்கிய குருணையைக் கலந்து, மெல்ல மெல்ல மாற்றிவிடலாம். குருணையை விரலால் நசுக்கி, தொட்டித் தண்ணீரிலேயே ஒரு நிமிடம் ஊறவைத்துப் போடுங்கள். மீனின் கண்ணைவிடத் துணுக்கு பெரிதாக இருக்கக் கூடாது, அதுதான் என் அளவுகோல். வீட்டில் வாங்கும் இறாலும் ஆகும். உப்பு, மஞ்சள் போடுவதற்கு முன்னால் ஒன்றை எடுத்து ஃப்ரீசரில் வையுங்கள். கல்லாக உறைந்ததும் பிளேடால் சுரண்டினால் தேங்காய்ப்பூ மாதிரி விழும். அதை அலசிக் கொடுங்கள். ஆனால் அது மட்டுமே உணவு என்று வைத்துவிடாதீர்கள். சென்னாக்கூனி, அதாவது காய்ந்த பொடி இறால், போடலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். மணலும் தூசியுமாக இருக்கும். குழம்புக்கே நாம் மூன்று தண்ணீர் அலசித்தான் போடுகிறோம்.

வந்த முதல் நாள் விளக்கைக் குறைத்து, பட்டினி போட்டாலும் தப்பில்லை. அடுத்த நாளிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிடத்தில் தீர்கிற அளவு. அதன் வயிறு சின்னது. ஒரே தடவையில் கொட்டினால் மிச்சம் அழுகி அம்மோனியா ஆகும், பசியில் சாகாத மீன் அதில் சாகும். தீனி போடும்போது தண்ணீரைச் சுழற்றும் பம்பைப் பத்து நிமிடம் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் சாப்பாடு வாய்க்கு வராமல் வடிகட்டிக்குப் போய்விடும். பம்பை மறுபடி ஓடவிட மறக்காதீர்கள். நான் மறந்திருக்கிறேன்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரல் காட்டுகிறார்கள். பெரிய மீன் சின்னதை விரட்டிச் சாப்பிடவிடாமல் செய்வதைப் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன். சுருக்கமாக: ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவைத் தொட்டிக்குள்ளேயே மாட்டி, சின்னதை அதில் விட்டுத் தனியாக ஊட்டுங்கள். கடல் குதிரை ஆசை வேண்டாம், நம் நாட்டில் அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர்.

கடைசியாக, மின்சாரம் போனால் தீனியை நிறுத்திவிடுங்கள். காற்று ஓடாத தொட்டியில் போட்ட தீனி, இருக்கிற பிராணவாயுவையும் தின்றுவிடும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் அடித்தபோது நான் மூன்று நாள் ஒரு துணுக்குகூடப் போடவில்லை. இரவெல்லாம் சொம்பில் தண்ணீரை மொண்டு மேலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம், நானும் என் கணவரும் மாறி மாறி. மீன் பிழைத்துக்கொண்டது. அந்தக் கதை முழுக்கச் சொல்ல நேரமில்லை.

வணக்கம்.